நிரம்பாத டிரைவ்

காலை ஆறு மணிக்கே வரிசை தொடங்கிவிடும். தெருமுனைக்குப் பால் வண்டி வருவதற்கு முன்பே முப்பது பேர் நின்றிருப்பார்கள். ஆளுக்கொரு பை. பைக்குள் லேப்டாப். சிலர் பையையும் நம்பாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட "மத்தியானம் வரைக்கும் பார்ப்போம்" என்று சொல்லும் புண்ணியவான்கள், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றதும் பல் துலக்காமல் ஓடி வந்திருந்தார்கள்.

எல்லோரும் காத்திருந்தது தொட்டுச்சொல்லிக்காக.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். முன்பு செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். உறை விற்றவர் உள்ளே இருப்பதை அறியும் ஞானி ஆனது எப்படி என்று கேட்பீர்கள். ஒருநாள் ஒருவர், எவ்வளவு அழுத்தியும் உயிர் வராத லேப்டாப்பை அவர் கடை மேசையில் வைத்துப் புலம்பினார். இவர் ஆறுதலாக அதன்மேல் கையை வைத்தார். லேப்டாப் விழித்துக்கொண்டது. கை வைக்கும்போது முழங்கை இடித்து, அரைகுறையாகச் செருகியிருந்த சார்ஜர் சரியாக உள்ளே போனதை அந்த இருவரில் ஒருவர் மட்டுமே கவனித்தார். கவனித்தவர் அடுத்த மாதமே உறை வியாபாரத்தை விட்டுவிட்டார்.

இப்போது மாடியில் ஒரு கூடம். தரையெல்லாம் சாம்பல் நிறக் கம்பளம். நீல விளக்கு. எலும்பு வரை குளிரும் ஏசி. வாசலில் டோக்கன் கொடுக்க ஓர் அம்மாள். உள்ளே வெள்ளைச் சட்டையில் தொட்டுச்சொல்லி. லேப்டாப்பை எதிரே வைத்ததும் மூடிமேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடுவார். அரை நிமிடம் மௌனம். பிறகு நாடி சொல்வார்.

"இது மூச்சு வாங்குது. உள்ள இருக்கற டிஸ்க்குக்கு இந்த உடம்பு பிடிக்கல."

பிடிக்காத உடம்பில் குடியிருந்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? கேட்டவர் கண் கலங்குவார். அடுத்து, நூலில் கட்டிய செப்புக் குண்டு ஒன்று வெளியே வரும். மேசையில் மூன்று வகை டிரைவ் பெட்டிகள். சாந்தம், வேகம், அனந்தம். குண்டு எந்தப் பெட்டியின்மேல் ஆடுகிறதோ அதுவே அந்த லேப்டாப்புக்கு உகந்தது. வந்தவரின் கைக்கடிகாரத்தையும் காலணியையும் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் குண்டு ஆடத் தொடங்கும். அது குண்டின் பழக்கம்.

தொடுவதற்குக் கட்டணம் கிடையாது. அவர் பணத்தை மதிக்காத மனிதர். டிரைவ் மட்டும்தான் விலைக்கு.

மூன்றிலும் மகிமை மிக்கது அனந்தம். பெட்டிமேல் பதினாறு டெராபைட், அதாவது பதினாறாயிரம் ஜி.பி., என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருக்கும். மற்ற கடைகளில் ஐந்நூறு ஜி.பி. டிரைவுக்குச் சொல்லும் விலையில் பாதி. எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெண்டைக்காய் கொஞ்சம் மலிவாக இருந்தால் ஒடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "நேத்து மிச்சமா?" என்று கேட்கிற கூட்டம்தான் அது.

"எவ்வளவு போட்டாலும் நிரம்பாது" என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் சத்தியம் செய்யாத குறை. "என் வீட்டுக் கல்யாண வீடியோ, கடைக் கேமரா வீடியோ, பையன் இறக்கி வச்ச சினிமா, எல்லாத்தையும் போட்டுட்டேன் சார். வாயைத் திறந்து வாங்கிக்கிட்டே இருக்கு!"

"போட்டதைத் திறந்து பார்த்தீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எதுக்குப் பார்க்கணும்? போட்டாச்சில்ல?"

இந்த வரிசையில்தான் ஒருநாள் நம் படக்காரரும் போய் நின்றார்.

பள்ளிக்கூடங்களில் கடைசி வகுப்பு மாணவர்களை வரிசையாக உட்கார வைத்துக் குழுப்படம் எடுப்பது அவர் தொழில். உயரமானவர்கள் பின்னால், ஆசிரியர்கள் நடுவில், சிரிக்காதவன் ஓரத்தில். நல்ல படக்காரர். லேப்டாப் மட்டும் கிழம். பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, சட்டை மாற்றி, சாப்பிட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் கண் விழிக்கும். உள்ளே இடமும் இல்லை. நான்கு பள்ளிகளின் படங்கள் மெமரி கார்டுகளில் காத்துக்கிடந்தன. புது லேப்டாப் வாங்க வசதி இல்லை. டிரைவ் ஒன்றை வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தார். எதை வாங்குவது என்று தெரியவில்லை. சுற்றும் டிஸ்க் என்கிறார்கள், சுற்றாத எஸ்.எஸ்.டி. என்கிறார்கள். கடைக்காரர் பேசுவது புரியவில்லை. தொட்டுச்சொல்லி பேசுவது புரிந்தது. நாடி, மூச்சு, பொருத்தம்.

புறப்படும்போது அண்ணி கேட்டாள். அண்ணனுக்குக் கப்பல் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். கீழ்வீட்டில் அண்ணி, மாடியில் படக்காரர். அண்ணி எடை அளவை ஆய்வாளர். கடைத் தராசுகளையும் பெட்ரோல் பம்புகளையும் சோதித்து முத்திரை வைக்கும் உத்தியோகம். பழக்கடையில் அவள் தலை தெரிந்தாலே தராசுத் தட்டு நிமிர்ந்து உட்காரும்.

"எங்க தம்பி, லேப்டாப்ப இடுப்புல வச்சுக்கிட்டு?"

படக்காரர் சொன்னார். அண்ணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குக் கோபம் வந்து சண்டையோடு முடிந்திருக்கும். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பதினாறுன்னு எழுதியிருக்கே, யார் அளந்து பார்த்தாங்க?"

"ஊரே வாங்குது அண்ணி. அத்தனை பேரும் முட்டாளா?"

"நான் அத்தனை பேரையும் கேக்கல. அளந்த ஒருத்தரைக் கேட்டேன்."

படக்காரர் வேகமாக நடந்தார். டோக்கன் நாற்பத்தேழு. நாடி பார்க்கப்பட்டது. குண்டு ஆடியது. அனந்தம் வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது. அதில் விதிகள். டிரைவில் போட்டதை நாற்பது நாள் திறந்து பார்க்கக் கூடாது, கோப்புகள் வேர் பிடிக்க வேண்டும். மூடியைக் கழற்றக் கூடாது, காற்றுப் பட்டால் சக்தி போய்விடும். போட்ட பிறகு பழைய இடத்தில் இருப்பதை அழித்துவிட வேண்டும், ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் டிரைவுக்கு மனம் ஒன்றாது. அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று. விற்ற பொருள் முப்பது நாளுக்குப் பின் திரும்பப் பெறப்படமாட்டாது.

முப்பதையும் நாற்பதையும் அடுத்தடுத்து அச்சடித்தவருக்கு மக்களின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

படக்காரர் விதிப்படியே நடந்தார். முந்தைய இரண்டு வருட வேலையும், அடுத்து நான்கு பள்ளிகளின் படங்களும் டிரைவுக்குள் போயின. பழைய இடத்தில் இருந்ததை அழித்தார். மெமரி கார்டுகளைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டாம் நாள் ஒரு தலைமையாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பசங்க வெள்ளிக்கிழமையோட பள்ளிக்கூடத்தை விட்டுப் போறாங்க. அதுக்குள்ள படம் கையில இருக்கணும். இல்லேன்னா அத்தனை பேரையும் மறுபடி நான் எங்க போய்த் தேடுவேன்?"

படக்காரர் விதியை மீறினார். டிரைவைச் செருகினார். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அப்பாடா என்றிருந்தது. ஒன்றைத் திறந்தார். திறக்கவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. முதலில் போட்ட பழைய படங்கள் மட்டும் திறந்தன. நான்கு பள்ளிகளும் இல்லை. பெயர் இருந்தது, அளவு இருந்தது, தேதி இருந்தது. முகங்கள் மட்டும் இல்லை.

விழுந்தடித்து மாடிக் கூடத்துக்கு ஓடினார். அங்கே தொட்டுச்சொல்லியின் முன்னால் ஓர் ஆய்வு மாணவி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். மூன்று வருடம் வீடு வீடாகப் போய் எடுத்த பேட்டிகள், ஒலிப்பதிவுகள், எழுதிய அத்தியாயங்கள், எல்லாமே அனந்தத்தில்.

"எத்தனாவது நாள் திறந்தீங்க?" என்றார் தொட்டுச்சொல்லி.

"முப்பத்தஞ்சு."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். முகத்தில் தாங்க முடியாத துயரம். "அஞ்சே நாள். அஞ்சு நாள் பொறுக்க முடியல. முளை விட்ட விதையைத் தோண்டிப் பார்த்துட்டு, செடி எங்கன்னு என்னைக் கேக்கறாங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அவருக்காக! "படிச்ச பொண்ணு இப்படிப் பண்ணலாமா?" என்று டோக்கன் அம்மாள் கண்டித்தாள். மூன்று வருடத்தை இழந்தவள் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க" என்றாள். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் படக்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவரும் அதையே சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தார்.

"தம்பி, நீங்களும் அவசரப்பட்டீங்களா?" தொட்டுச்சொல்லி கனிவோடு கேட்டார். "பரவாயில்ல. விதி மீறினதைத் திருப்பி எடுக்க முடியாது, இன்னொன்னு வாங்கிக்குங்க. இந்தத் தடவை அடங்கி நடங்க."

வீட்டுக்கு வந்த படக்காரர் கீழ்வீட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பின்னாலேயே ஆய்வு மாணவியும் வந்தாள். வழியில் பேசிக்கொண்டே வந்ததில், அவள் தனியாக அறைக்குத் திரும்பிப் போகும் நிலையில் இல்லை என்று படக்காரருக்குப் பட்டிருந்தது.

"தப்பு எங்க மேலதான் அண்ணி," என்றார். "நாற்பது நாள் பொறுத்திருக்கணும்."

அண்ணி இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். விதித்தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். டிரைவைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல மேலும் கீழும் அசைத்தாள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அளக்கத் தெரியும். ஒரு பாத்திரத்துல பதினாறு லிட்டர்னு எழுதியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? பதினாறு லிட்டர் ஊத்துவேன். ஊத்தினதைத் திருப்பி எடுத்து அளப்பேன். ஊத்தும்போது அளந்தா மட்டும் போதாது தம்பி. எடுக்கும்போதும் அளக்கணும். இந்த ஊர்ல எல்லாரும் ஊத்திட்டுப் போயிட்டாங்க."

"அப்போ இப்பவே போட்டு எடுத்துப் பார்த்துடலாமே அக்கா?" என்றாள் மாணவி.

"பார்க்கலாம். நமக்கு மட்டும் தெரியும். அந்த ஆளு, அஞ்சு நாள் அவசரம், அஞ்சு மணி நேரம் அவசரம்னு சொல்லிட்டுப் போயிடுவான். கூட்டமும் நம்மளத்தான் திட்டும். அவன் விதி ஒன்னு விடாம அவன் சொன்னபடியே செய்வோம். நாற்பது நாள்."

"அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் வாங்குவாங்க அண்ணி!"

அண்ணி விதித்தாளை மடித்து வைத்தாள். "தெரியும். அதை நினைச்சா எனக்கும் சோறு இறங்கப் போறதில்ல. தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் சொல்லுவோம். ஆனா அரைகுறையா சோதனை பண்ணினா அவனுக்கு நாமளே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

மறுநாள் படக்காரர் இரண்டாவது அனந்தம் ஒன்றை, அண்ணி சொன்னபடி பில்லோடு, வாங்கி வந்தார். கூடவே சாதாரணக் கடையில் ஐந்நூறு ஜி.பி. டிரைவ் ஒன்று. வீட்டுக் கூடத்து மின்விசிறி சுற்றுவதை அரை மணி நேரம் வீடியோ எடுத்தார். எடுத்த படங்களிலேயே யாரும் கண் சிமிட்டாத படம் அதுதான். அந்த ஒரே வீடியோவை ஒன்று முதல் இருநூறு வரை எண் போட்டு அனந்தத்தில் நகல் எடுத்து, விதிப்படி லேப்டாப்பில் இருந்ததை அழித்தார்கள்; சாதாரண டிரைவுக்கு விசிறியை இன்னொரு முறை படமெடுத்து அதேபோல் இருநூறு நகல் எடுத்தார்கள். அனந்தத்துக்கு மட்டும் ஒரு முழுப் பகல் பிடித்தது. கடைசியில் இரண்டிலும் இருநூறு பெயர்கள். திறந்து பார்க்கவில்லை. படக்காரருக்குக் கை துறுதுறுத்தது. அண்ணி டிரைவைப் பிடுங்கி உறையில் போட்டாள்.

இங்கேதான் அண்ணியின் உத்தியோக புத்தி வேலை செய்தது. "இந்த உறையை அவன்கிட்டயே கொண்டுபோ. 'என் கை சும்மா இருக்காது, நீங்களே மூடிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க'ன்னு கேளு."

படக்காரர் போய்க் கேட்டார். தொட்டுச்சொல்லிக்குப் புல்லரித்தது. கூட்டத்தின் முன் உறையைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க! தப்பு பண்ணின மனுஷன் திருந்தினா இப்படித்தான் இருக்கணும்!" உறையை ஒட்டினார். ஒட்டிய இடத்தின்மேல் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார், தேதியோடு. எல்லோரும் கைதட்டினார்கள். படக்காரர் வெட்கப்பட்டார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாற்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிரம்பி வழிந்தது. அண்ணி முதலாளாக டோக்கன் வாங்கியிருந்தாள். மடியில் ஒரு பழைய லேப்டாப்.

"என்ன அம்மா தொல்லை?" என்றார் தொட்டுச்சொல்லி.

"நீங்கதான் சொல்லணும். தொட்டா தெரியுமாமே."

உள்ளங்கை மூடிமேல் பதிந்தது. கண்கள் மூடின. அரை நிமிடத்துக்குப் பதிலாக ஒரு நிமிடமே ஆயிற்று. கனத்த வழக்கு போலும்.

"துடிப்பு ரொம்ப மெல்லிசா இருக்கு. டிஸ்க் களைச்சுப் போச்சு. சொந்தக்காரங்களை நினைச்சு ஏங்குது. அனந்தம் வச்சா ஒரே வாரத்துல எழுந்திரிச்சுடும்."

"நல்லா தொட்டுப் பார்த்தீங்களா?"

"அம்மா, என் கை பொய் சொல்லாது."

அண்ணி பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்து ஆறு திருகுகளைக் கழற்றி அடிமூடியை எடுத்தாள். உள்ளே டிஸ்க் இல்லை. பேட்டரி இல்லை. ஒன்றுமே இல்லை. பழுது பார்க்கும் கடையிலிருந்து வாங்கி வந்த வெறும் கூடு. கனத்துக்காக உள்ளே காய்கறி நறுக்கும் மரப்பலகை ஒன்றைப் பொருத்தியிருந்தாள்.

"ஏங்கினது இந்தப் பலகையாங்க?"

கூடத்தில் சிரிப்பு வெடித்திருக்க வேண்டும். நியாயமான ஊராக இருந்தால் வெடித்திருக்கும். இங்கே முதலில் ஒரு முணுமுணுப்புதான் எழுந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "உள்ள இருந்ததைப் பிடுங்கிட்டா அதோட வலி அந்தக் கூட்டுல தங்கியிருக்காதா? ஐயா அதைத்தான் சொன்னாரு!"

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம்.

தொட்டுச்சொல்லிகூட இந்த விளக்கத்தை யோசித்திருக்கவில்லை. நன்றியோடு மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். ஏமாற்றுகிறவனுக்கு மூச்சு முட்டும்போது ஏமாறுகிறவனே விசிறிவிடுகிற காட்சி அது.

அண்ணி கோபப்படவில்லை. "சரி, அப்படியே இருக்கட்டும். பலகைக்கும் வலிக்கட்டும். தம்பி, அந்த உறையை எடு."

படக்காரர் எழுந்தார். அந்த உறை எல்லோருக்கும் நினைவிருந்தது. கைதட்டியவர்கள் ஆயிற்றே. கையெழுத்து கலையவில்லை. தேதி சரியாக இருந்தது. "இது உங்க கையெழுத்துதானே?" என்று படக்காரர் கேட்டார். தொட்டுச்சொல்லியின் தலை ஆடியது, கொஞ்சம் மெதுவாக.

"நாற்பது நாள் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, ஆனா..."

"விதியில எதையாவது மீறினேனா?"

"அது..."

கூட்டமே பதில் சொன்னது. "மீறல! நாங்க பார்த்தோமே!"

உறை கிழிந்தது. டிரைவைச் செருகினார்கள். சுவரில் பெரிதாகத் தெரியும்படி படக்காரர் புரொஜெக்டர் கொண்டு வந்திருந்தார். இருநூறு பெயர்கள் வரிசையாக வந்தன. கூட்டம் "ஆகா" என்றது. பெயர்களுக்கே ஆகா!

"உங்கள்ல யாராவது ஓர் எண் சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"பத்து!" என்றார் ஒருவர். பத்தைத் திறந்தார்கள். மின்விசிறி சுற்றியது. கைதட்டல். மருந்துக்கடைக்காரர் வெற்றிப் புன்னகையோடு அமர்ந்தார்.

"இன்னொன்னு."

"நூறு!"

நூறு திறக்கவில்லை. எழுபது. இல்லை. நூற்றைம்பது. இல்லை. படக்காரர் ஒன்றிலிருந்து வரிசையாகத் திறந்துகொண்டே வந்தார். முப்பத்தொன்று வரை விசிறி சுற்றியது. முப்பத்திரண்டில் நின்றது. அதன்பின் சுற்றவேயில்லை.

"இது கடையில வாங்கின சாதாரண டிரைவ்," என்று அண்ணி அடுத்ததை நீட்டினாள். "யாரும் தொடல. குண்டு ஆட்டல." அதிலும் இருநூறு பெயர்கள். கூட்டம் கேட்ட எண்ணெல்லாம் திறந்தது. "இதுல இன்னும் ஐம்பது போடச் சொல்லுங்க. கொஞ்ச தூரம் போனதும் இடம் இல்லைன்னு சொல்லிடும். நிஜமான டிரைவ் வயிறு நிறைஞ்சா போதும்னு சொல்லும். இது ஏன் நிரம்பலன்னு இப்பத் தெரியுதா? ஊத்தினது உள்ள தங்கினாத்தானே நிரம்பும்?"

"யாரோ அவநம்பிக்கைக்காரங்க கை பட்டிருக்கு," என்றார் தொட்டுச்சொல்லி. "மூடியைத் திறந்திருப்பாங்க. காத்துப் பட்டிருக்கும்."

"உறையில உங்க கையெழுத்து இருக்கு. காத்தும் உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டா போச்சு?" என்றாள் ஆய்வு மாணவி. இந்தக் கூடத்தில் மன்னிப்புக் கேட்ட அதே பெண்தான். இப்போது அவள் குரல் பின்சுவர் வரை கேட்டது. "நீங்களே உங்க கையால ஒரு புதுப் பெட்டியை எடுங்க. பிரிக்காத பெட்டி. அதை இங்கேயே திறந்து பார்த்துடுவோம்."

"சக்தி போயிடும்!"

"போனா நான் காசு கொடுக்கறேன்," என்றாள் அண்ணி.

அவர் எடுக்கவில்லை. டோக்கன் அம்மாள் எடுத்தாள். அவள் தங்கையும் ஓர் அனந்தம் வாங்கியிருந்தாளாம். ஆறு மாதக் குழந்தையின் படங்கள் அத்தனையும் அதில்தான். இதுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் தானே பிரித்து டிரைவை அண்ணி முன் வைத்தாள். திருப்புளி மூடியின் இடுக்கில் போய் ஒரு திருகு திருகியது.

உள்ளே விரல் நகம் அளவில் ஒரு மெமரி கார்டு. அதன் பக்கத்தில், கையில் எடுத்தால் கனமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பசை போட்டு ஒட்டிய இரும்பு வாஷர் இரண்டு. குழாய்க்குப் போடுவார்களே, அதேதான்.

இருநூறு வீடியோவைக் கண்டு அசையாத மருந்துக்கடைக்காரர், இரண்டு வாஷரைக் கண்டதும் இடிந்துபோனார். "என் வீட்டுக் கல்யாணம்..." என்றார்.

தொட்டுச்சொல்லி எழுந்து பின்கதவை நோக்கி நடந்தார். அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அண்ணியின் அலுவலகத்து ஆட்கள். அண்ணி அடையாள அட்டையை மேசைமேல் வைத்தாள், செப்புக் குண்டுக்குப் பக்கத்தில்.

"பொட்டலத்துமேல எழுதின அளவு உள்ள இல்லைன்னா, அது அரிசியா இருந்தா என்ன, டிரைவா இருந்தா என்ன, என் வேலைதான். எல்லாப் பெட்டியையும் எடுத்து வைங்க. முத்திரை போடணும்."

"அம்மா, நானும் ஒரு மொத்த வியாபாரிகிட்டதான் வாங்கினேன். எனக்கு ஒன்னும் தெரியாது," என்றார் தொட்டுச்சொல்லி.

"தொட்டுப் பார்க்கலையா?" என்றாள் அண்ணி.

அப்போதுதான் கூடம் சிரித்தது.

வழக்கு நடக்கிறது. அவர் இப்போது வக்கீல் வீட்டு வரிசையில் டோக்கன் வாங்குகிறார். படக்காரர் அந்த நாற்பது நாளும் சும்மா இருக்கவில்லை. பழுது பார்க்கும் கடையில் மெமரி கார்டுகளைக் கொடுத்து, துடைத்ததில் மிஞ்சியதைத் தேடி எடுக்கச் சொன்னார். இரண்டு பள்ளிகளின் படங்கள் கிடைத்தன. மற்ற இரண்டு பள்ளிகளுக்கும் அவரே போய் நடந்ததைச் சொல்லி, மாணவர்களை மீண்டும் வரவழைத்தார். ஒரு பள்ளியில் எல்லோரும் வந்தார்கள். இன்னொன்றில் ஒன்பது நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்தப் பிள்ளைகள் ஊரை விட்டே போய்விட்டிருந்தார்கள். நாற்காலிகளை அகற்றாமல் அப்படியே படமெடுத்து, தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தார். ஆய்வு மாணவிக்குப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்த மூன்று அத்தியாயங்கள் திரும்பக் கிடைத்தன. பேட்டிகள் போனவை போனவைதான். மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். பேட்டி கொடுத்தவர்களில் இருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

படக்காரர் தன் பழைய லேப்டாப்புக்குள் அளவான ஓர் எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டார். தான் கிழம் என்பதையே மறந்து அது ஓடத் தொடங்கியது. வெளியில் வைக்க அந்த ஐந்நூறு ஜி.பி. இருந்தது. எந்தப் படமும் இரண்டு இடத்தில் இருக்கும். மனம் ஒன்றாவிட்டால் போகட்டும்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவிடாதவர்கள் நம் மக்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி கதவைத் திறந்தாள். வாசலில் பதினைந்து பேர். ஆளுக்கொரு பை. பைக்குள் லேப்டாப். முன்னால் கைகூப்பியபடி ஒருவர்.

"அம்மா, உங்க கை ராசியான கைன்னு சொல்றாங்க. நீங்களே தொட்டுச் சொல்லுங்கம்மா. எந்த டிரைவ் வாங்கலாம்? எங்களால ரொம்பச் செலவு பண்ண முடியாது."

அண்ணி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்க செலவுக்குள்ள அடங்கற சாமான் ஒன்னே ஒன்னு இருக்கு. சந்தேகம். வாங்கறதுக்குக் காசு வேண்டாம், வச்சுக்க இடமும் அடைக்காது. வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆரம்பிச்சுடுங்க. முதல்ல என் மேல."